கட்டு அவிழாத ஜாடிக்குள் ஓர் ஈ

பூச்சிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேர் பட்டம் வாங்கியவர்கள் என்று சொன்னார்கள். சந்தோஷம். நான் ஐந்தாம் வகுப்பு. அதிலும் கணக்கில் தேறவில்லை, வாத்தியார் இரக்கப்பட்டு மேலே தள்ளிவிட்டார். கரும்பு வண்டியில் கட்டு ஏற்றுகிற ஆளாக உள்ளே வந்தவன், பூச்சி வளர்ப்புக் கொட்டகைக்கே பொறுப்பாளனாக வெளியே போனேன். நடுவில் ஒருவரும் எனக்குச் சிபாரிசு செய்ததில்லை. நான் ஊசி குத்திய பூச்சிகள் கண்ணாடிப் பெட்டிகளில் இன்றைக்கும் நிற்கின்றன. ஒன்றுக்காவது கால் உதிர்ந்திருந்தால் என் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள்.

நான் சாதித்ததை எல்லாம் எழுதச் சொன்னார்கள். அதற்கு இந்த ஆண்டு மலர் போதாது. ஆகையால் நான் செய்த தப்பு ஒன்றை எழுதுகிறேன். அதை என்னைவிட நன்றாகச் செய்தவர் இந்தத் துறையில் இருக்க முடியாது.

அறுபதுகளில் கடலூருக்கு மேற்கே, கெடிலத்தை ஒட்டிய ஒரு கரும்புப் பண்ணையில் எங்கள் கொட்டகை இருந்தது. நான் அப்போது அங்கே மேஸ்திரி. அப்போது எங்களுக்கு இருந்த தலைவலி இளங்குருத்துப் புழு. இளம் கரும்பின் அடியில் துளை போட்டு உள்ளே போய் நடுக்குருத்தைத் தின்றுவிடும். குருத்து காய்ந்து நிற்கும். பிடித்து இழுத்தால் அழுகல் நாற்றத்தோடு கையில் வரும். பெண்கள் வயலுக்குப் போய்க் காய்ந்த குருத்துகளை வெட்டிக்கொண்டு வந்து, கொட்டகையில் உட்கார்ந்து பிளந்து புழுவை எடுப்பார்கள். அந்தப் புழுவைப் புதுக் கரும்புத் துண்டோடு ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, வாயைக் காடாத் துணியால் மூடி, நூலால் இறுக்கிக் கட்டி வைப்போம். புழு கூடு கட்டி, அந்துப்பூச்சியாக வெளியே வரும். எத்தனை புழுவுக்கு எத்தனை பூச்சி, எத்தனை நாளில் என்பதுதான் ஆபீசருக்கு வேண்டியது.

ஜாடிக்குள் அந்துப்பூச்சியைத் தவிர வேறு எது தென்பட்டாலும், பதிவேட்டில் ‘கெட்டது’ என்று எழுதிவிட்டு, கொதிக்கிற தண்ணீரை உள்ளே ஊற்றி அலசி, கழிவைப் பின்னால் இருந்த குழியில் கொட்டிவிட வேண்டும். இந்த விதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. நான் போட்டது. எறும்பில்லாத, பூஞ்சணம் இல்லாத கொட்டகை என்று வெளியூரிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். என் கொட்டகை அப்படிப் பெயரெடுத்திருந்தது.

ஜாடிகளுக்குத் துணி கட்டுகிற வேலை துரோபதையுடையது. தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பம். புருஷனுக்கு இடுப்பு போய்ப் படகில் ஏற முடியாமல் ஆனதிலிருந்து கரைக்கு இந்தப் பக்கம் கூலி வேலைக்கு வந்துகொண்டிருந்தார். வலை பின்னிய கை. அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க முடியாமல் நான் கத்தியால் அறுத்த நாட்கள் உண்டு. அப்படிப்பட்டவர் கட்டிய ஜாடிகளில்தான் அந்தச் சித்திரையில் ஈ தென்பட்டது.

முதலில் ஒரு ஜாடியில் ஒன்று. மறுநாள் இரண்டு ஜாடி. ஒரு வாரத்துக்குள் அலமாரித் தட்டுக்கு ஒன்றிரண்டாவது இருந்தன. ஈ இருந்த ஜாடியில் புழு செத்துக் கிடந்தது. எனக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. உடனே விளங்கிய விஷயத்தை எல்லாம் சந்தேகப்பட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. துணி சரியாகக் கட்டவில்லை, வீட்டு ஈ உள்ளே புகுந்துவிட்டது, அழுக்குப் பட்டுப் புழு செத்துவிட்டது. அவ்வளவுதான்.

எல்லாப் பெண்களும் உட்கார்ந்து கரும்பு பிளந்துகொண்டிருக்கும்போது துரோபதையைக் கூப்பிட்டேன்.

“ஏம்மா துரோபத, ஈக்கு வாசல் தொறந்து வுட்ருக்கியா?”

“கட்டு அப்டியேதான்யா இருக்குது மேஸ்திரி. இழுத்துப் பாரு. கட்டுன பொறவு உள்ளாரதான் வந்துருக்குது.”

“உள்ளார வந்துச்சா? புழு ஈய பெத்துப் போட்டுச்சா?”

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, “பிரசவத்துக்கு மேஸ்திரிதான் பக்கத்துல இருந்தாரு போல” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. துரோபதைக்கு வரவில்லை.

“சிரிங்கடி. நான் பொறந்து வளந்ததே கருவாட்டுக்கு நடுவுல. ஈய எனக்குக் காட்டித் தர்றியாய்யா நீ? வூட்டு ஈன்னா செத்த மீன் வாசனைக்குத் தல தெறிக்க ஓடியாரும். இந்தச் சனியன் கிட்ட மீன் செதுலு வெச்சிப் பாத்தேன், மோந்து கூடப் பாக்கல. வெளிச்சத்தப் பாத்துக்கினே குந்திக்கினு கெடக்குது. பின்னாடி வேற முள்ளு முள்ளா மசுரு நிக்குது. வூட்டு ஈக்கு ஏது அம்மாம் மசுரு?”

“மசுரு எண்றதுக்கா ஒன்ன வேலைக்கு வெச்சிருக்கு?” என்றேன். பெண்கள் இன்னும் ஜாஸ்தியாகச் சிரித்தார்கள். நான் அன்றைக்கு ஈ இருந்த ஜாடிகளை எல்லாம் வரிசையாக வைத்துக் கொதிநீர் ஊற்றினேன்.

ஆபீசரிடம் போய், வீட்டு ஈ புகுந்துவிட்டது, கட்டுகிற ஆள் சரியில்லை என்று சொன்னேன். அவர் கோபக்காரர் இல்லை. எதிலும் சுருக்கமாக முடிவெடுக்கிறவர். “சனிக்கிழமையோட நிறுத்திடு. வேற ஆளைப் பாரு” என்றார். அன்று புதன்கிழமை.

துரோபதையிடம் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை.

“எங்க வூட்டுக்காரரு படுத்துக் கெடக்குறது ஒனக்குத் தெரியும். அதுக்காவ வெச்சிக்கன்னு கேக்கல. செய்யாத தப்புக்கு வெரட்டாத. சனிக்கெழமைக்கு இன்னம் ரெண்டு நாளு கெடக்குது. அந்த ஈய ஒரு தபா நல்லாப் பாரு. பாத்துட்டு வூட்டு ஈன்னு சொல்லு, நானே போறேன்.”

பார்ப்பதில் என்ன நஷ்டம்? அன்று மாலை இன்னொரு ஜாடியில் ஒன்று இருந்தது. கொன்று லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.

வீட்டு ஈயின் வயிறு மழமழவென்று, பக்கங்களில் மஞ்சள் தட்டியிருக்கும். இதன் வயிற்றில் கறுப்புக் கம்பி நட்டது போல மயிர்கள் மேல்நோக்கி நின்றன. அளவும் சற்றுப் பெரிசு. சாம்பல் நிறம். கூலிக்கு வந்த பெண் வெறும் கண்ணால் பார்த்ததை நான் லென்ஸ் வைத்துத்தான் பார்த்தேன். வீட்டு ஈ இல்லை என்று பாதி தெரிந்தது. அப்படியானால் என்ன ஈ என்று தெரியவில்லை. ஆபீசரிடம் நான் அடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். பாதி தெரிந்ததை வைத்துக்கொண்டு திரும்ப அவர் முன்னால் நிற்க எனக்கு மனசில்லை.

சிதம்பரத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிற பெரிய இடத்தில் ஈக்களைப் பற்றித் தெரிந்த ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டு, மேசை மேலிருந்த குண்டூசியால் ஈயை நடு முதுகில் குத்தித் தக்கையில் நிறுத்தி, அசையாமல் இருக்கச் சுற்றிலும் பஞ்சு வைத்து, தீப்பெட்டியில் மூடி எடுத்துக்கொண்டேன். வண்டுகளை அப்படித்தான் குத்துவேன். என் வண்டுகளைப் பார்த்து மெச்சாதவர் இல்லை.

கடலூர் முதுநகரில் ஏறிய பாசஞ்சரில் எதிரே ஒரு மீன்கார அம்மா கூடையோடு உட்கார்ந்திருந்தார். நான் தீப்பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, “என்னா தம்பி, வைரமா?” என்றார்.

“ஈ.”

“என்னாது?”

“ஈம்மா. சிதம்பரத்துல ஒருத்தருக்குக் காட்டணும்.”

அவர் தன் கூடையைப் பார்த்தார். அதன்மேல் ஒரு பெரிய கூட்டமே உட்கார்ந்திருந்தது. “இத மொதல்லயே சொல்லக் கூடாதா? பரங்கிப்பேட்ட வரதுக்குள்ள ஒனக்கு ஒரு படி அளந்து போட்ருப்பேனே” என்றார். ரயில்பெட்டி முழுக்கச் சிரிப்பு. சிதம்பரத்தில் இறங்கும்வரை நான் தீப்பெட்டியை வெளியே எடுக்கவில்லை.

ஈ தெரிந்தவர் என்றதும் வழுக்கைத் தலைப் பேராசிரியரை நினைத்துக்கொண்டு போனேன். இருந்தது என் வயதுப் பெண். ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் செய்துகாட்டுகிற டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. பெயர் எழுதவில்லை, அவருக்குப் பிடிக்காது. தீப்பெட்டியைத் திறந்து, பஞ்சை விலக்கிப் பார்த்தார்.

“இதைக் கொன்னது யாரு?”

“நான்தாங்க.”

“எத்தனை தடவை?”

எனக்குப் புரியவில்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையே பார்க்கச் சொன்னார். குண்டூசி போன இடத்தில் முதுகு பிளந்திருந்தது. முதுகில் நீளவாக்கில் ஓடும் கறுப்புக் கோடுகளை எண்ணித்தான் முதலில் ஈயைப் பிரிப்பார்களாம். வீட்டு ஈக்கு நான்கு. என் ஈக்கு எத்தனை இருந்தது என்று ஊசிக்குத்தான் தெரியும். முகத்தில் இருக்கிற குட்டையான உணர்கொம்பில் ஒரு ஒற்றை மயிர் நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டு ஈக்கு அது பறவை இறகு மாதிரி இரண்டு பக்கமும் கிளைத்திருக்கும். வேறு சில ஈக்களுக்குத் தையல் ஊசி மாதிரி மொட்டையாக இருக்கும். என் ஈயின் உணர்கொம்பு இரண்டும் பஞ்சில் சிக்கிப் பிய்ந்து போயிருந்தன. வயிற்று மயிரில் பாதி அந்தப் பஞ்சில்தான் இருந்தது.

“ஈயை நடுவுல குத்தக் கூடாது. வலப் பக்கம் தள்ளிக் குத்தணும். ஒரு பக்கம் கெட்டாலும் இன்னொரு பக்கம் சாட்சிக்கு இருக்கும். பஞ்சு கிட்டயே கொண்டுபோகக் கூடாது” என்றார். திட்டவில்லை. கடையில் சாமான் விலை சொல்வது போலச் சொன்னார்.

பிறகு ஈயைப் பக்கவாட்டில் திருப்பினார். முதுகு முடிகிற இடத்தில் ஈக்களுக்கு ஒரு சிறு மேடு இருக்கும். இதற்கு அந்த மேட்டுக்குக் கீழே, இரண்டாவதாக ஒரு வீக்கம், தாடைக்குக் கீழே தொங்குகிற இரட்டைத் தாடை மாதிரி புடைத்திருந்தது.

“வீட்டு ஈக்கு இது கிடையாது. இது வேற குடும்பம். இந்தக் குடும்பத்து ஈக்கள் மத்த புழுக்களுக்குள்ள இருந்து அதையே தின்னு வளரும். இதுவும் அப்படி உங்க புழுவுக்குள்ள இருந்து வந்திருக்கலாம்.”

“அப்படின்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கம்மா. ஒரு பொம்பள வேலை போகுது” என்றேன்.

“வீட்டு ஈ இல்லைன்னு எழுதறேன். உங்க புழுவுல இருந்துதான் வந்துச்சுன்னு எப்படி எழுதுவேன்? ஈயைப் பார்த்தா எந்த ஈன்னு சொல்லலாம். எங்கேர்ந்து வந்துச்சுன்னு அது விட்டுட்டுப் போன கூட்டைப் பார்த்தாத்தான் சொல்லலாம். கூடு வச்சிருக்கீங்களா?”

“ஜாடிய எல்லாம் கொதிதண்ணி ஊத்திக் கழுவிட்டேங்க.”

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். “அப்ப அந்தம்மா கட்டுனது சரியில்லைன்னு எதை வச்சுச் சொன்னீங்க?”

தீப்பெட்டியை மூடிக்கொண்டு வெளியே வந்தேன், அவர் எழுதுகிறேன் என்ற லெட்டரைக் கேட்டு வாங்கக்கூடத் தோன்றவில்லை.

திரும்பி வருகிற ரயிலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தச் சித்திரையில் மட்டும் நான் ‘கெட்டது’ என்று எழுதிய ஜாடிகள். அதற்கு முந்தைய வருஷம், உள்ளே என்ன இருந்தது என்று பார்க்காமலே எழுதியவை. நாங்கள் ஒழிக்க வழி தேடிக்கொண்டிருந்த புழுவை உள்ளே இருந்தே தின்று தீர்க்க ஒரு ஈ தானாக வந்திருக்கிறது. நான் அதை வாரக்கணக்கில் வெந்நீர் ஊற்றிக் கொன்று, சுத்தமான கொட்டகை என்று பெயரும் வாங்கியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை நேராகக் குழிக்குப் போய்க் குச்சியால் கிளறினேன். வெந்து அழுகிய சக்கை. சில கூடுகள் கிடைத்தன. எந்த ஜாடியில் இருந்தது, எந்தப் புழுவோடு இருந்தது என்று சொல்ல முடியாத கூடுகள். அதைக் கொண்டுபோய் ஆபீசரிடம் கொடுத்தால் குப்பையில் எங்கும் கிடைக்கும் என்பார். நியாயம்தான்.

துரோபதை பின்னால் வந்து நின்றிருந்தார். “என்னாத்தத் தேடுற?”

மறைக்க நேரமில்லை. “நீ சொன்னதுதான் சரி. அது வூட்டு ஈ இல்ல. புழுவுக்குள்ளேர்ந்துதான் வருதுன்னு நெனைக்கிறேன். ஆனா காட்றதுக்கு ஒண்ணுமில்ல.”

துரோபதை குழியை எட்டிப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குள் போய், தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் குனிந்து, முந்தானைக்குள் வைத்து ஒரு ஜாடியைக் கொண்டுவந்தார். கட்டு அவர் போட்ட கட்டு. உள்ளே நீளவாக்கில் பிளந்த கரும்புத் துண்டு. அதன் பள்ளத்தில் காலிப் பை மாதிரி சுருங்கிய புழுத் தோல். தோலை ஒட்டிக்கொண்டு, சிறிய பீப்பாய் வடிவத்தில், கருஞ்சிவப்பாக ஒரு கூடு. இன்னும் திறக்கவில்லை.

“புழு வவுத்துலேர்ந்து வெள்ளையா ஒரு குட்டிப் புழு நெளிஞ்சி வந்துச்சி. எங் கண்ணால பாத்தேன். ரெண்டு நாள்ல இப்டி ஆயிப்போச்சி. ஒங்கிட்ட காட்னா சுடுதண்ணி ஊத்துவ. அதான் ஒளிச்சி வெச்சேன்.”

ஜாடியை ஒளித்து வைப்பது கொட்டகையில் பெரிய குற்றம். அந்த விதியும் நான் போட்டதுதான்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும். சாட்சி கையில் இருக்கிறது. ஆனால் அது குற்றம் சாட்டப்பட்டவரே ஒளித்து வைத்த சாட்சி. அந்தக் கூட்டிலிருந்து ஈ வந்தாலும், நீயே ஈயைப் பிடித்து உள்ளே விட்டாய் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆகையால் கூடு திறக்கும் முன்னாலேயே ஆபீசர் கையில் ஜாடி போய்விட வேண்டும். போனால் நான் சொன்னது தப்பு என்று முதலில் நானே ஒப்புக்கொள்ள வேண்டும். புத்திசாலித்தனமாக வேறு வழி இருக்கிறதா என்று பத்து நிமிஷம் யோசித்தேன். இல்லை.

ஆபீசர் மேசையில் ஜாடியை வைத்தேன். “சார், நான் சொன்னது தப்பு. இது வீட்டு ஈ இல்ல. புழுவத் தின்ற ஈ.”

“புதன்கிழமை அடிச்சுச் சொன்னியே.”

“பாக்காம சொல்லிட்டேன் சார்.”

“அப்ப இதுவரைக்கும் நீ கெட்டதுன்னு எழுதினதெல்லாம்?”

“அதுலயும் இதுதான் இருந்திருக்கணும் சார். நான்தான் சுடுதண்ணி ஊத்தினேன். விதியும் நான் போட்டதுதான்.”

அவர் பேனாவை மூடினார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

“இந்த ஜாடியை நீங்களே ஒரு தடவ கட்டுங்க சார். அரக்கு வெச்சு உங்க ரூம்லயே பூட்டுங்க. கூடு தொறக்கட்டும். அதுவரைக்கும் அந்தம்மாவ நிறுத்தாதீங்க.”

“வீட்டு ஈயா வந்தா?”

“ரெண்டு பேரையும் அனுப்பிடுங்க சார்.”

அவர் பழைய கட்டின் மேலேயே இன்னொரு துணி போட்டுக் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்தார். ஒன்று மட்டும் சொன்னார்: கூடு திறக்கும்வரை துரோபதை கொட்டகைப் பக்கம் வரக்கூடாது. நான் அதைச் சொன்னபோது துரோபதை தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

தினமும் காலையில் ஆபீசர் அறைக்கு வெளியே நின்றேன். கூடு கூடாகவே இருந்தது. கொட்டகையில் வேறொரு பெண் துணி கட்டினாள். முடிச்சு விரலால் தட்டினாலே அவிழ்ந்தது. எட்டாம் நாள், சனிக்கிழமை காலை, அறைக்குள்ளிருந்து, “ஏய், வா வா” என்று குரல். ஓடினேன். கூட்டின் ஒரு முனை மூடி மாதிரி தெறித்திருந்தது. அரக்கு அப்படியே இருந்தது. கரும்புத் துண்டின் மேல் வெளிறிப்போய், இறக்கை கசங்கி, ஈரமாக ஒன்று நின்றது. பார்த்தால் ஈ என்றே யாரும் சொல்லமாட்டார்கள்.

“கொல்லு, பாத்துடலாம். பத்து மணிக்கு நான் கிளம்பணும்” என்றார்.

“இப்ப கொன்னா சுருங்கிப் போயிடும் சார். ஒண்ணுமே தெரியாது. மதியம் வரைக்கும் விடுங்க. உடம்பு இறுகட்டும்.”

அவருக்குப் பொறுமை இல்லை. எனக்கும்தான் இல்லை. ஆனால் ஒரே ஈ. என் வேலையும் இன்னொருவர் வேலையும் அதன் முதுகில் இருந்தன. முதல் ஈயை நான் அவசரத்தில்தான் கெடுத்தேன். கதவை மறித்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னால் மிகை, ஆனால் நகரவில்லை. அவர் தன் பயணத்தைத் தள்ளிப்போட்டார்.

அதற்குள் நான் டீக்கடைக்குப் போய்ப் பாய்லர் பக்கத்தில் ஒரு அசல் வீட்டு ஈயைப் பிடித்து வந்தேன். மதியத்துக்கு மேல் இரண்டையும் கொன்று, மெல்லிய ஊசியால் இரண்டையும் வலப்பக்கம் தள்ளிக் குத்தி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். ஒரு மயிர்கூட உதிரவில்லை. அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

“உணர்கொம்புல நீட்டிட்டிருக்குற மயிரப் பாருங்க சார். டீக்கடை ஈக்கு எறகு. நம்ம ஈக்கு?”

“மொட்டை” என்றார் ஆபீசர், கண்ணை எடுக்காமல்.

“வயிறு?”

“இது மழமழன்னு இருக்கு. அது முள்ளம்பன்றி.”

பக்கவாட்டில் திருப்பினேன். முதுகு மேட்டுக்குக் கீழே அந்த இரண்டாவது வீக்கம். டீக்கடை ஈயிடம் அந்த இடம் பள்ளமாக இருந்தது. அவர் நிமிர்ந்து, ஜாடியில் கிடந்த புழுத் தோலையும் காலிக் கூட்டையும் பார்த்தார். பிறகு தான் வைத்த அரக்கை விரலால் தடவிப் பார்த்தார்.

“திங்கக்கிழமையிலேர்ந்து அந்தம்மாவை வரச் சொல்லு. கொதிதண்ணியை நிறுத்து” என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஈயைச் சிதம்பரத்துக்கு அனுப்பினோம். ‘அதே குடும்பம்தான். கூடும் தோலும் சேர்ந்து வந்ததால் சந்தேகமில்லை. இந்த முறை ஒரே தடவைதான் கொன்றிருக்கிறீர்கள்’ என்று கார்டு வந்தது. பின்னாட்களில் அந்த ஈயை நாங்களே ஜாடியில் பெருக்கி வயலில் விட்டோம். எனக்கு வந்த பதவி உயர்வு அதனால்தான் வந்தது. அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி. தேவனாம்பட்டினம் போனேன். துரோபதை வாசலில் உட்கார்ந்து சுறாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் புருஷன் படுத்திருப்பது தெரிந்தது. நல்ல சேதி கொண்டுவந்தவனின் முகத்தோடு போய் நின்றேன்.

“தொறந்துடுச்சி. நீ சொன்ன ஈதான். ஆபீசரு திங்கக்கெழம வரச் சொல்லிட்டாரு.”

“ம்.”

“நான் சொன்னது தப்புன்னு ஆபீசர் கிட்ட நேருக்கு நேரா ஒத்துக்கினேன். ரெண்டு பேரையும் அனுப்பிடுங்கன்னு கூடச் சொன்னேன்.” இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும்.

அவர் கத்தியை நிறுத்தவில்லை. “ஆபீசர் கிட்ட ஒத்துக்கினது ஒன் வேலைக்கு. அந்தாளு முன்னாடியா என்ன கேலி பண்ண? பொம்பளைங்க முன்னாடி பண்ண. ஊருக்குள்ள என்னா பேசுறாளுவ தெரியுமா? வலக்காரிக்கு முடிச்சிப் போடத் தெரியலையாம், அதான் வெரட்டிட்டாங்களாம். எந்த வாயி சிரிச்சுதோ அந்த வாயிங்க முன்னாடி சொல்லு. அப்ப வரேன். இல்லன்னா வேற கட்டு கட்டிப் பொழச்சிக்கிறேன்.”

உள்ளிருந்து அவர் புருஷன், “வுடும்மா, அவுருதான் வூடு தேடி வந்துட்டாருல்ல” என்றார்.

“நீ சும்மா கெட” என்றார் துரோபதை.

ஆபீசரிடம் ஒப்புக்கொள்வது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். அவர் மேலே இருப்பவர். மேலே இருப்பவரிடம் குனிந்து பழகியிருந்தேன். எனக்குக் கீழே கத்தி பிடிக்கிற எட்டுப் பெண்களுக்கு முன்னால் நின்று, நான் பார்க்காமல் பேசினேன் என்று சொல்வதற்குப் பழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதை எப்படிப் பாதியாகச் சொல்லலாம் என்று யோசித்தேன். நீங்களும் யோசிப்பீர்கள், அந்த வேலையை மட்டும் செய்யாதீர்கள், நேரம் வீண்.

திங்கட்கிழமை காலை பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கரும்புக்குக் கை வைத்துவிட்டார்கள். துரோபதை வாசற்படிக்கு வெளியே, தூக்குவாளியைக் கீழே வைக்காமல் நின்றார். நான் நடுவில் போய் நின்றேன்.

“துரோபதம்மா கட்டுன கட்டுல ஒரு கொறையும் இல்ல. ஈ புழுவுக்குள்ளேர்ந்துதான் வந்துச்சி. அவுங்க பாத்துச் சொன்னாங்க. நான் பாக்காம சிரிச்சேன். ஒங்களையும் சிரிக்க வெச்சேன்.”

கொட்டகையில் ஈ பறந்தால் கேட்டிருக்கும். பிரசவம் என்று கேலி செய்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அமைதி போதுமா, இன்னும் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை, வாசலைப் பார்த்தேன்.

துரோபதை படியேறி உள்ளே வந்தார். வாளியை ஆணியில் மாட்டினார். முதல் தட்டில், புதுப் பெண் கட்டியிருந்த ஜாடி ஒன்றை எடுத்து முடிச்சை விரலால் தட்டினார். நூல் அவிழ்ந்து விழுந்தது.

“இன்னும் எத்தன இருக்குது இது மாரி?” என்று என்னைக் கேட்டார். “எல்லாத்தையும் எறக்கு.”

நான் தட்டு தட்டாக இறக்கி அவர் முன்னால் வைத்தேன். மதியம் வரை வைத்துக்கொண்டே இருந்தேன்.